உங்கள் செய்தி வந்து சேர்ந்தது

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. தபால் நிலையத்தின் பழைய பதிவேடு ஒன்றிலிருந்து கிழித்த தாள். அதன் வெற்றுப் பக்கத்தில் நீல மையில் பதினோரு சொற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. டொமைன், ஹோஸ்டிங், சர்வர், லிங்க் என்று எல்லாமே என் தொழிலின் சொற்கள். எழுதியவர் ஒரு தபால்காரர். பத்துச் சொற்களுக்கு எதிரே தனக்குப் புரிந்த மாதிரி பொருள் எழுதியிருக்கிறார். பதினோராவது சொல் ஃபார்ம். அதற்கு எதிரே ஒரு சிறிய கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற வாடிக்கையாளர்கள் அந்தத் தாளைத் தலைகீழாகப் படித்துப் பார்த்துவிட்டு, "கடைசில ஒண்ணு விட்டுப்போச்சுங்களே" என்பார்கள். "ஆமாங்க, எழுதினவரு ஒரு கேள்வி கேட்டாரு, நான் பதில் சொல்லலை" என்பேன். உடனே சிரிப்பார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கத் தோன்றும்படி என் முகத்தை ஆண்டவன் டிசைன் செய்து அனுப்பியிருக்கிறான். நானும் அதை வைத்தே பிழைத்து வந்தேன், அந்தத் தபால்காரரிடம் மாட்டிக்கொள்கிற வரைக்கும்.

கோத்தகிரியில், வர்க்கி சுடுகிற பேக்கரி ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே அடுப்பு எரிகிற நேரமெல்லாம் மேலே கதகதப்பாக இருக்கும். வாடகைக்கு அந்த இடத்தைப் பிடித்ததற்கு அது தவிர வேறு காரணம் இல்லை. நான் கோயமுத்தூரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். நான் கட்டுகிற எதுவும் யார் தலையிலும் இடிந்து விழுந்துவிடக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில் பல்கலைக்கழகம் என்னைப் பல பாடங்களில் பல முறை நிறுத்திவைத்தது. நானும் யோசித்து, இடிந்தாலும் யாருக்கும் காயம்படாத ஒன்றைக் கட்டலாம் என்று வெப்சைட் கட்ட வந்தேன். ஹோம்ஸ்டே, ரிசார்ட், டீத்தூள் கடை, கல்யாண மண்டபம் என்று வேலைக்குக் குறைவில்லை. ஆபீஸில் என்னைத் தவிர, கம்ப்யூட்டர் புரோகிராம், எங்கள் பாஷையில் கோடு, எழுதுகிற ஒரு பெண் மட்டும் உண்டு. பக்கத்துப் படகர் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். என்னைச் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சாரில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படியேறி வந்த ஒருவர் திறந்திருந்த கதவுக்கு வெளியிலேயே நின்று "போஸ்ட்" என்றார். கையில் தபால் எதுவும் இல்லை. காக்கி நிறத்தில் ஒரு ஸ்வெட்டர், கக்கத்தில் குடை, மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாத வாய். கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளுக்கெல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல் தபால் கொண்டுபோனவர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. யார் வாசலில் நின்றாலும் அந்த ஒரு சொல்தான் முதலில் வாயில் வருகிறது என்று பிறகு சொன்னார்.

"தம்பி, எனக்கு ஒரே ஒரு பக்கம் வேணும். எங்க அக்காவத் தேடணும்."

அதற்கெல்லாம் வெப்சைட் எதற்கு, போனில் பேஸ்புக்கில் ஒரு படம் போட்டால் போதுமே என்றேன். வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற என் தொழில் திறமை அப்படி.

"எங்க மருமகன் போட்டுப் பாத்தாரு தம்பி. ரெண்டே நாள்ல அது கீழ போயிருச்சாம். அதுக்கு மேல யார் யாரோ சோறு திங்கிற படம். கீழ போகாத எடமா ஒண்ணு வேணும்."

இணையத்தைப் பற்றி அவ்வளவு சரியாக ஒரு வாக்கியத்தில் சொன்னவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன்.

இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அங்கிருந்த தோட்டத் தமிழர்களில் யார் அங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குத் திரும்புவது என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்டபோது, அப்பா, அம்மா, இவர் மூன்று பேருக்கும் இந்தியக் காகிதம் வந்தது. எட்டு வயது மூத்தவளான அக்கா பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புகுந்த வீட்டுக்கு அங்கேயே இருக்கச் சொல்லிக் காகிதம். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட, இவரை இடுப்பில் வைத்து வளர்த்தது அந்த அக்காதான். கிளம்புகிற நாளில் அவள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். தன்னை அனுப்பிவிட்டு அவள் மட்டும் இருந்துகொள்கிறாள் என்று பதினோரு வயதுப் பையனுக்குக் கோபம். ரயிலில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி உட்கார்ந்துகொண்டான். அவள் ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு அவன் தலையைத் தொட்டாள். அவன் தட்டிவிட்டான்.

"கோச்சி கெளம்பிருச்சு. எல்லாரும் ஓன்னு அழுவுறாங்க. நான் மட்டும் திரும்பவே இல்ல தம்பி" என்றார். ரயிலை அவர் கடைசிவரை கோச்சி என்றுதான் சொன்னார்.

சில வருஷங்கள் கடிதம் வந்து போயிற்று. அங்கே கலவரம் வந்து, அக்கா இருந்த லயத்து வீட்டு வரிசையையே எரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. இவர் எழுதிய கடிதங்கள், விலாசதாரர் இல்லை என்கிற முத்திரையோடு திரும்பி வந்தன. அப்போது இவர் இங்கே தபால்காரர். திரும்பி வந்த தன் கடிதத்தைத் தானே பையில் சுமந்து, தன் வீட்டு வாசலில் நின்று, "போஸ்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாராம். "வேலைன்னா வேலைதானே தம்பி." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இப்போது நினைத்தால், அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

பக்கம் தயாராவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு அவரும் ஒரு காரணம். எந்தச் சொல்லையும் அர்த்தம் கேட்காமல் கடந்துபோக விடமாட்டார். அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதியதுதான் அந்தத் தாள். டொமைன் என்றால் கதவு நம்பர், வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் வேறு குடும்பம் குடிவந்துவிடும் என்று எழுதினார். சர்வர், தலைமைத் தபால் நிலையம். லிங்க், தேயிலைக்குள் போகிற குறுக்குப் பாதை, மேட்டில் இருக்கிற வீட்டுக்குச் சுற்றாமல் போகலாம். கேஷ் என்பதைப் புரியவைக்கத்தான் நான் தண்ணீர் குடித்தேன். பக்கம் மாறிய பிறகும் கம்ப்யூட்டர் பழையதையே எடுத்து வைத்துக்கொண்டு காட்டுவது என்றேன். யோசித்துப் பார்த்து, 'போன வாரத்துக் கடிதத்தையே இந்த வாரமும் படித்துக்கொண்டிருக்கிற கிழவி' என்று எழுதிக்கொண்டார். தேடுகிற பக்கம் இல்லாவிட்டால் நானூற்று நாலு என்று வரும் என்றபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "இல்லைன்னு சொல்றாங்க, சரி. அனுப்புனவருக்குத் திருப்பி அனுப்ப வேணாமா?" என்றார். அது என் கையில் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

படத்துக்கு வந்தோம். பேக்கரி வாசலில் நிற்கவைத்து அவரை நானே எடுத்த படம். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒன்று எழுதுவோம், திரையில் தெரியாது, பார்வை இல்லாதவர்கள் படத்தைத் தொட்டால் போன் அதை வாய்விட்டுப் படிக்கும் என்றேன். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, நாம் 'படம் ஒன்று' என்று போட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

"பாக்க முடியாதவங்களுக்குத்தானே தம்பி அது? படம் ஒண்ணுன்னா அவங்களுக்கு என்ன விளங்கும்?"

அவருடைய காலத்தில் எஸ்டேட் லைன்களில் பாதி வாசல்களில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மட்டும் வர முடியாது. நின்று படித்துக் காட்ட வேண்டும். கண் தெரியாதவர்கள், எழுத்துத் தெரியாதவர்கள், தெரிந்தும் கெட்ட சேதியைத் தானாகப் படிக்கப் பயந்தவர்கள் எல்லாருக்கும் இவர் குரலில்தான் கடிதம் வந்தது. ஆகவே இந்தச் சொல்லுக்கு அவர் என்னைப் பொருள் கேட்கவில்லை. 'நின்று படித்துக் காட்டுவது' என்று அவரே எழுதிக்கொண்டு, எழுத வேண்டியதை அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். கொண்டுவந்தது இதுதான்: 'அக்கா, இது நான்தான். முன்பல் இரண்டும் போய்விட்டது. அப்பா ஜாடை வந்துவிட்டது என்கிறார்கள். கோச்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அந்தக் கோபம் இப்போது இல்லை.'

இவ்வளவு நீளமாக யாரும் எழுத மாட்டார்கள் என்று நான் முனகினேன். கோடு எழுதும் பெண் அதை எழுத்துப் பிசகாமல் அடித்துக்கொண்டே, "இருக்கட்டும் சார். நம்ம செஞ்ச சைட்டுலயே படிக்கிற மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான்" என்றாள்.

கடைசியாக ஃபார்ம். பெயர், ஊர், செய்தி என்று மூன்று கட்டம், கீழே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். அமுக்கினால், 'உங்கள் செய்தி வந்து சேர்ந்தது, நன்றி' என்று பச்சை எழுத்தில் வரும். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது தபால் பொட்டி மாதிரி. சரி. இந்தப் பொட்டிய யாரு தொறக்கறது?"

"யாரும் தொறக்க வேண்டாமுங்க ஐயா. அதுவா வந்து விழுந்துரும்."

"விழும். எங்க விழும்?"

"நம்ம ஆபீஸ் மெயில்லதானுங்க. வந்தா நானே போன் பண்ணிச் சொல்றேன்."

"பொட்டின்னு ஒண்ணு இருந்தா, தொறக்கறதுக்குன்னு ஒரு ஆளும் ஒரு நேரமும் எழுதிப்போட்டிருப்பாங்க தம்பி. இதுல யாருன்னு போட்டுக்கட்டும்?"

"அதெல்லாம் பழைய காலமுங்க" என்றேன். அவர் எதுவும் எழுதவில்லை. கோடு மட்டும் போட்டுக்கொண்டார்.

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். வேலை நடக்கும்போது ஃபார்மைச் சோதித்துப் பார்க்க டெஸ்ட் மெயில் என்று ஒரு பெட்டி வைத்திருப்போம். கண்டதையும் அடித்து அனுப்பிப் பார்ப்போம், எல்லாம் அதில் போய் விழும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்தை வெளியிடுகிற அன்று அந்த விலாசத்தை எடுத்துவிட்டு உண்மையான விலாசத்தைப் போட வேண்டும். முப்பது வினாடி வேலை. ஆனால் அந்த வாரம் எனக்குக் கலை பொங்கிவிட்டது. விரலோ மவுஸோ நகர்கிற பக்கமெல்லாம் ஒரு தேயிலைக் கொழுந்து மிதந்து மிதந்து விழுகிற மாதிரி அனிமேஷன் செய்தேன். மூன்று நாள். பச்சை எழுத்துக்கு எந்தப் பச்சை என்று முடிவு செய்ய மட்டும் ஒரு முழு மத்தியானம். வெளியிட்ட அன்று தபால்காரர் கொழுந்து விழுவதைப் பார்த்துவிட்டு, "காத்தே இல்லாம விழுதே தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் பூரித்துப்போனேன். விலாசத்தை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். செவ்வாயன்று மகளுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க எப்படியும் மேலே வர வேண்டும், அப்படியே நம்மையும் பார்த்துவிட்டுப் போவார். கதவுக்கு வெளியே நின்று "போஸ்ட்" என்பார். பிறகு, "ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்பார். நான் ஆபீஸ் மெயிலைத் திறந்து, அவர் பார்க்கும்படி திரையைத் திருப்பிக் காட்டி, "இல்லீங்க ஐயா" என்பேன். சும்மா அனுப்ப மனம் வராமல் ஒரு ஜோக்கும் சேர்த்து அனுப்புவேன். "உங்க அக்கா ஸ்டாம்ப் ஒட்ட மறந்துட்டாங்க போலிருக்குதுங்க." "அங்கயும் போஸ்ட்மேன் லீவு போலிருக்குதுங்க." இரண்டு பல் இல்லாத வாயோடு அவர் சிரித்துவிட்டுப் படியிறங்குவார். இப்படி ஏழு மாதம்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கோடு எழுதும் பெண், "சார், டெஸ்ட் பொட்டி ரொம்பிப்போச்சுன்னு கத்துது. எல்லாத்தையும் அழிச்சுரட்டுங்களா?" என்றாள். அழித்துவிடச் சொல்லிவிட்டு நான் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "அழிக்கறதுக்கு முன்னாடி இத ஒருக்காப் பாத்துருங்க" என்றாள்.

நான் சோதனைக்காக அடித்து அனுப்பிய குப்பைக்கு நடுவில் அது இருந்தது. 'டெஸ்ட்', 'டெஸ்ட் டெஸ்ட்', 'பசிக்கிறது' என்று என் வரிகள். அடுத்து இது: 'வணக்கம். என் அப்பா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டுத் தேடியபோது இந்தப் பக்கம் கிடைத்தது. நீங்கள் தேடும் அக்கா என் அம்மாதான். உயிரோடு இருக்கிறார். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மாமா குரலைக் கேட்க வேண்டும் என்கிறார். இது என் போன் நம்பர்.'

"ஒம்பதாம் நாளே வந்திருக்குது சார்" என்றாள். நக்கல் எதுவும் செய்யவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே கிளம்பினேன். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை அழகான எழுத்தில், நாலு பக்கமும் நல்ல இடைவெளி விட்டு, ஒரு தாளில் பிரிண்ட் எடுத்தேன். எடுக்கும்போது மேலே இருந்த தேதியை வெட்டிவிட்டேன். வேண்டாததை இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிடுவது என் தொழிலில் முக்கியமான கலை. அதில் மட்டும் நான் ஒருநாளும் தவறியதில்லை.

அவர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து குடைக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மகள் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். நான் அந்த வாசலில் நின்று, இரண்டு மூன்று முறை வாயைத் திறந்து மூடி, "போஸ்டுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, உதடு அசையப் படித்தார். முடித்ததும் இன்னொரு முறை படித்தார். பிறகு அதைப் பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம்.

"தேதி எங்க தம்பி?"

பிரிண்டில் விழவில்லை என்று சொல்லச் சொல் தயாராக இருந்தது. தபால்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைகுறை விலாசம் எழுதிய கடிதத்தைப் பார்க்கிற பார்வை. எப்படியும் வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிற பார்வை.

"ஏழு மாசமாச்சுங்க ஐயா. வேற பொட்டில விழுந்திருச்சு. நான்தான் மாத்தாம விட்டுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம கேட்டேனே."

"ஆமாங்க."

"நீங்க சிரிச்சீங்க."

"ஆமாங்க."

தாளை என்னிடம் நீட்டி, "நம்பரப் போடுங்க" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுத் திண்டில் வைத்தேன். அந்தப் பக்கம் எடுத்தது அக்காவின் மகன். யார் என்று சொன்னதும், "மாமாங்களா?" என்றது குரல். அறுபது வயதுக்கு மேல், தன் அக்காள் பிள்ளை வாயால் முதல்முறையாக மாமா என்று கூப்பிடக் கேட்டவருடைய முகத்தை நான் பார்த்தேன். அது எனக்கு உரிமையில்லாத காட்சி.

"ஆமாய்யா, மாமாதான். அம்மாகிட்டக் குடு."

அந்தப் பக்கம் நாய் குரைப்பது கேட்டது. ஒரு பெண் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "மாமா, அம்மா தவறி நாப்பத்தஞ்சு நாளாச்சு" என்றார் அக்காவின் மகன்.

மகனே தொடர்ந்தார். "நாங்க எழுதினோமே மாமா. வந்து சேர்ந்துச்சுன்னு பச்சை எழுத்துல போட்டுச்சே. அம்மா தெனமும் ஒங்க படத்தத் தொடச் சொல்லும். போனு படிக்கும். அக்கா, இது நான்தான்னு. கேட்டுக்கிட்டே இருக்கும். கோவம் இல்லைங்கறானே, அப்புறம் ஏன்டா பேச மாட்டேங்கறான்னு என்னயக் கேக்கும். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல மாமா."

நான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்த பச்சை அது.

தபால்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கோடி யாரு போட்டா?" ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து வருகிற புதுச் சேலையைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அண்ணன் தம்பி இருந்தால் அது அவர்கள் கையால் நடக்க வேண்டும்.

"பக்கத்து லயத்து ஐயா ஒருத்தர் பொறந்த வீட்டாளா நின்னு போட்டாரு மாமா."

பேசி முடிந்ததும் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போனார். அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று ஒரு தம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடையை எடுத்துக் கம்பியைத் திரும்பவும் சரிசெய்ய ஆரம்பித்தார். குடித்தேன். அவ்வளவு சூட்டையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

இரண்டு செவ்வாய்க்கிழமைகள் அவர் வரவில்லை. கோடு எழுதும் பெண் பதினொரு மணியானால் படிக்கட்டுப் பக்கம் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். மூன்றாவது செவ்வாய் வந்தார். கையில் வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்த ஒரு பார்சல். உள்ளே சேலை. விலாசத்தை அவரே எழுதியிருந்தார், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அனுப்புநர் என்கிற இடத்தில் எங்கள் ஆபீஸ் விலாசம்.

"திரும்பி வந்தா நீங்கதான் வாங்கணும்" என்றார்.

அனுப்பிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு ஐந்து வாரம், எங்கள் தெருத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக அவர் பையை எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவர் படியேறி வந்தபோது நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மின்சார பில் கொண்டுவந்திருந்தார். ஒரு கடிதத்துக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்பது, பெட்டிகளைக் கட்டிக் கொடுக்கிற தொழிலில் இருந்துகொண்டு, அந்த ஐந்து வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பார்சல் திரும்பவில்லை. ஒரு படம் வந்தது. அந்த ஃபார்ம் வழியாகத்தான், இப்போது சரியான பெட்டிக்கு. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு மண்மேடு, அதன் மேல் தலைப்பு விரித்துப் போர்த்திய அரக்கு நிறச் சேலை, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல். தபால்காரர் வந்து வெகுநேரம் பார்த்தார். ஃபார்மை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தப் படத்தைப் போடச் சொன்னார். போட்டேன்.

"இதுக்கும் படிச்சுக் காட்டறதுக்கு எழுதணுமுங்களா ஐயா? இனி அங்க..." என்று ஆரம்பித்தவன், என் வாழ்நாளில் ஒருமுறையாவது பாதியில் வாயை மூடினேன்.

"எழுதுங்க" என்றார். சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "அக்கா, கோடி வந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் கோபம் இல்லை."

விரலை எடுக்காமல் காத்திருந்தேன். கோபம் இல்லை என்றால் காரணம் என்ன என்று அடுத்த வரியில் வரும், அதையும் நான்தான் அடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வந்தால் ஓர் எழுத்தும் விடாமல் அடிப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

"அவ்வளவுதான் தம்பி" என்றார்.

போகும்போது சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "எல்லாம் விளங்கிருச்சு. இது ஒண்ணுதான்" என்று கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினார். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் வரவில்லை. அதன் பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் சில சமயம் வந்தார், டீ குடித்தார், கேஷ் கிழவி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். வந்துச்சுங்களா என்று மட்டும் கேட்டதில்லை. போன ஐப்பசி மழையில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. கதவு நம்பரை வருஷம் தவறாமல் புதுப்பிக்கிறேன். காற்றே இல்லாமல் விழுந்த கொழுந்தை எடுத்துவிட்டேன். தாளில் அந்தக் கோட்டின் மேல் எதையாவது எழுதலாம் என்று பேனாவை எடுத்து, கண்ணாடியைத் தூக்க மனமில்லாமல் வைத்துவிடுவேன். அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருடைய பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஃபார்மில் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன். முன்பெல்லாம் டெஸ்ட் என்று அடிப்பேன். இப்போது வேறு.

இன்றும் செவ்வாய். காலை குன்னூர் ரிசார்ட்காரர் போனில் கூப்பிட்டார். "ஏனுங்க, வாராவாரம் யாரோ நம்ம சைட்டுல ஒரே மெயிலப் போட்டுட்டே இருக்காங்க. 'அக்கா, இது நான்தான்'னு. யாருங்க அது? ரூம் வேணுமா வேண்டாமான்னும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"வந்துச்சுங்களா?" என்றேன்.

"வந்துச்சுங்க. அதானே கேக்கறேன்."

"நீங்களே தொறந்து பாத்தீங்களா?"

"நான்தானுங்க பாத்தேன். வேற யாரு பாப்பாங்க?"

"அது போதுமுங்க" என்று போனை வைத்தேன். எதிர் மேசையிலிருந்து கோடு எழுதும் பெண், "இன்னும் எத்தன பாக்கி சார்?" என்றாள். ஆறு என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.